கருவில் இனப்பெருக்க உறுப்புகள் உருவாகும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் கல்லூரியில் முளைக்கருவியல் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் மாணவிகள் கேட்பதும், மகப்பேறு வார்டில் தாய்மாரும் பாட்டிமாரும் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் பல பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும். முதல் தடவை வரிசையாகப் படியுங்கள்.

கரு தங்குன அன்னைக்கே ஆணா பொண்ணான்னு முடிவாயிடுமா?

குரோமோசோம் கணக்கில் ஆமாம். தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ்தான் இருக்கும். தந்தையின் விந்தணுக்களில் ஏறக்குறைய பாதி எக்ஸையும் மீதி ஒய்யையும் கொண்டு வருகின்றன. எது முட்டைக்குள் நுழைகிறதோ அதன்படி கரு எக்ஸ்எக்ஸ் அல்லது எக்ஸ்ஒய் ஆகிறது. பெண் பிறந்ததற்கு மருமகளைக் கரித்துக்கொட்டும் வீடுகள் இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: அவளிடம் கொடுப்பதற்கு ஒய் கிடையவே கிடையாது.

உடலைப் பொறுத்தவரை அன்றைக்கு எதுவும் முடிவாவதில்லை. அடுத்த ஆறு வாரங்களுக்கு எக்ஸ்எக்ஸ் கருவையும் எக்ஸ்ஒய் கருவையும் நுண்நோக்கியில் அருகருகே வைத்துப் பார்த்தாலும் உறுப்புகளில் வித்தியாசம் தெரியாது.

ஸ்கேன்ல பத்து வாரம்னு போட்டிருக்கு, புக்ல அதையே எட்டு வாரம்னு சொல்லுது. எது சரி?

இரண்டும் சரி. மருத்துவமனையில் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். முளைக்கருவியலில் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுவோம். சுமார் இரண்டு வார வித்தியாசம் வரும். இந்தப் பக்கத்தில் கரு வளர்ச்சிக்குச் சொல்லும் வாரங்கள் எல்லாம் கருத்தரிப்பிலிருந்து எண்ணியவை. உங்கள் ஸ்கேன் தாளோடு ஒப்பிட இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் வரைக்கும் எல்லாக் கருவும் பொண்ணுதான்னு சொல்றாங்களே, நிஜமா?

இல்லை. அந்தக் கட்டத்தில் இருப்பது ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. இரண்டு பக்கமும் போகக்கூடிய ஒரே தயாரிப்பு எல்லாக் கருவிலும் இருக்கிறது.

கருவின் முதுகுப்புறம், பிற்காலத்தில் சிறுநீரகம் அமையும் பகுதியை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மேடு எழும்புகிறது. இதுதான் விதையாகவோ (பாடநூலில் விந்தகம்) சினைப்பையாகவோ மாறப்போகும் இனச்சுரப்பி. அதன் பக்கத்தில் இரண்டு ஜோடிக் குழாய்கள் ஓடுகின்றன. ஒரு ஜோடிக்கு வுல்ஃபியன் குழாய் என்று பெயர், இன்னொன்றுக்கு முல்லேரியன் குழாய். முறையே காஸ்பர் ஃபிரெட்ரிக் வுல்ஃப், யோஹான்னஸ் முல்லர் என்ற ஜெர்மானிய அறிஞர்களின் பெயரால் வந்தவை. வெளிப்பக்கம் கால்களுக்கு நடுவே ஒரு சிறு புடைப்பு, அதன் கீழே இரண்டு மடிப்புகள், அவற்றுக்கு வெளியே இரண்டு வீக்கங்கள்.

சுரப்பி, குழாய்கள், வெளியுறுப்பு என்ற இந்த மூன்று அடுக்குகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனிக் கட்டளை போகிறது. கடைசியில் வரும் சிக்கலான கேள்விகளில் பல ஏதோ ஓர் அடுக்கின் கட்டளை போய்ச் சேராததால் வருபவை.

விந்தணுவையும் முட்டையையும் உண்டாக்குற செல் அந்த மேட்டுலயே பொறக்குதா?

இல்லை, வேறோர் இடத்திலிருந்து வருகிறது. எனக்கு முளைக்கருவியலிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் இந்த ஆதி இனச்செல்கள் கருவின் உடலுக்கு வெளியே, மஞ்சள்கருப் பையின் சுவரில் காணப்படுகின்றன. அங்கிருந்து உருவாகிக்கொண்டிருக்கும் குடலின் சுவர் வழியாகவும், குடலை முதுகுச் சுவரோடு பிணைக்கும் சவ்வின் வழியாகவும் ஊர்ந்து, ஐந்து, ஆறாவது வாரத்தில் அந்த மேட்டுக்குள் நுழைகின்றன.

வழி தவறியவை பெரும்பாலும் இறந்துவிடும். தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டிலிருந்து பிற்காலத்தில் இனச்செல் கட்டிகள் வரலாம் என்று கருதப்படுகிறது. நெஞ்சுக்கூட்டின் நடுவில், விதைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், விதையில் வரும் வகைக் கட்டி சில சமயம் தோன்றுவதற்கு இது ஒரு விளக்கம்.

ஒய் குரோமோசோம்ல அப்படி என்னதான் இருக்கு?

இந்த விஷயத்தில் முக்கியமானது ஒரே ஒரு மரபணு: எஸ்ஆர்ஒய். 1990-இல் லண்டனில் பீட்டர் குட்ஃபெல்லோ, ராபின் லவல்-பேட்ஜ் ஆகியோரின் குழுக்கள் இதைக் கண்டறிந்தன. மறு ஆண்டே எக்ஸ்எக்ஸ் எலிக்கருவில் இந்த மரபணு இருக்கும் சிறு துண்டை மட்டும் சேர்த்தார்கள். அந்த எலி விதைகளோடு ஆணாகப் பிறந்தது. அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

மனிதக் கருவில் ஆறு, ஏழாவது வாரத்தில் எஸ்ஆர்ஒய் கொஞ்ச காலம் வேலை செய்து, சாக்ஸ்9 என்ற இன்னொரு மரபணுவை முடுக்கிவிடுகிறது. அதனால் மேட்டின் செல்கள் செர்ட்டோலி செல்களாகி, வந்து சேர்ந்த இனச்செல்களைச் சூழ்ந்துகொள்கின்றன. விதை உருவாகிவிட்டது. எட்டாவது வாரத்தில் பக்கத்திலேயே லேடிக் செல்கள் தோன்றி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. அவற்றைத் தூண்டுவது நஞ்சுக்கொடி சுரக்கும் எச்சிஜி. வீட்டில் கர்ப்பம் பார்க்கும் பட்டையில் கோடு விழவைக்கும் அதே ஹார்மோன்.

ரெண்டு ஜோடிக் குழாயும் எல்லாருக்கும் இருக்குன்னா, ஒண்ணு எங்க போகுது?

பதில் 1947-இல் வந்தது. பிரெஞ்சு ஆய்வாளர் ஆல்ஃபிரெட் ஜோஸ்ட், தாய் முயலின் வயிற்றுக்குள் இருந்த ஆண் கருக்களிலிருந்து விதைகளை அகற்றினார். அந்தக் கருக்களில் கர்ப்பப்பையும் கருக்குழாயும் உருவாயின. விதை இல்லாமல் டெஸ்டோஸ்டிரோனை மட்டும் கொடுத்தபோது வுல்ஃபியன் குழாய் நிலைத்தது, ஆனால் முல்லேரியன் குழாய் மறையவில்லை. ஆக விதையிலிருந்து இரண்டு தனித்தனிக் கட்டளைகள் வருகின்றன என்று அவர் முடிவு செய்தார்.

அது சரியாகவே இருந்தது. செர்ட்டோலி செல்கள் ஏஎம்எச் என்ற ஹார்மோனைச் சுரந்து முல்லேரியன் குழாயைக் கரைக்கின்றன. லேடிக் செல்களின் டெஸ்டோஸ்டிரோன் வுல்ஃபியன் குழாயைக் காப்பாற்றி, விந்துநாளம், விந்துப்பை, விதையின் மேல் சுருண்டிருக்கும் எபிடிடிமிஸ் ஆகியவையாக மாற்றுகிறது. பெண் கருவில் இந்த இரண்டும் இல்லை. எனவே வுல்ஃபியன் குழாய் தேய்ந்துபோகிறது. முல்லேரியன் குழாய்கள் கருக்குழாய்கள், கர்ப்பப்பை, அதன் வாய், யோனியின் மேல்பகுதி ஆகியவையாக வளர்கின்றன.

அப்ப ஒண்ணுமே செய்யலைன்னா தானாவே பொண்ணு ஆயிடும், அப்படித்தானே?

குழாய்களுக்கு மட்டும் அப்படிச் சொல்லலாம். ஜோஸ்ட்டின் முயல்கள் காட்டியது அதைத்தான். அதைச் சினைப்பைக்கும் நீட்டி, "பெண் என்பது வெறுமனே விட்டுவிட்டால் வருவது" என்று பல பாடநூல்கள் நெடுங்காலம் எழுதின. அது தவறு. சினைப்பை உருவாக டபிள்யூஎன்டி4, ஆர்ஸ்பாண்டின்1 போன்ற மரபணுக்கள் முனைந்து வேலை செய்து, விதைக்கான வழியை அடக்க வேண்டும். ஆர்ஸ்பாண்டின்1 பழுதான சில எக்ஸ்எக்ஸ் குழந்தைகளுக்கு எஸ்ஆர்ஒய் இல்லாமலே விதைத் திசு உருவாகியிருக்கிறது. பெண்ணுடலை யாரும் சும்மா விட்டதால் உண்டானதாகச் சொல்லும் புத்தகத்தை நான் மாணவிகளுக்குப் பரிந்துரைப்பதில்லை.

வெளியில தெரியற உறுப்பு எப்ப மாறும்?

ஒன்பதாவது வாரம் வரை ஒரே மாதிரிதான் இருக்கும். பன்னிரண்டாவது வாரத்துக்குள் வித்தியாசம் தெளிவாகிவிடும். முதலில் சொன்ன புடைப்பு ஆணுக்கு ஆண்குறியாகவும் பெண்ணுக்குக் கிளிட்டோரிஸாகவும் ஆகிறது. மடிப்புகள் பெண்ணுக்கு உள் உதடுகளாக அப்படியே நிற்கின்றன. ஆணுக்கு நடுவில் ஒட்டிச் சிறுநீர்ப் பாதையை மூடுகின்றன. வெளி வீக்கங்கள் பெண்ணுக்கு வெளி உதடுகள், ஆணுக்கு இரண்டும் இணைந்து விதைப்பை. விதைப்பையின் நடுவில் ஓடும் கோடு அந்த ஒட்டுத் தழும்புதான். ஒட்டுவது பாதியில் நின்றால் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கும். ஹைப்போஸ்பேடியாஸ் எனப்படும் இது ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 200 முதல் 300 பேரில் ஒருவருக்கு வருகிறது. இந்தக் குழந்தைக்குச் சுன்னத் செய்துவிடாதீர்கள். சரிசெய்யும் அறுவைக்கு அந்த முன்தோல் தேவைப்படும்.

இந்த அடுக்குக்கு டெஸ்டோஸ்டிரோன் மட்டும் போதாது. அதை அங்கேயே உள்ள ஒரு நொதி டிஎச்டி என்ற வலிமையான வடிவமாக மாற்ற வேண்டும். டொமினிக்கன் குடியரசின் சில கிராமங்களில் இந்த நொதிக் குறை பரம்பரையாக இருப்பதை 1974-இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். பிறக்கும்போது பெண்ணாகத் தெரிந்த எக்ஸ்ஒய் குழந்தைகள், பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் பெருகியபோது ஆணுடல் பெற்றார்கள்.

பன்னிரண்டு வாரத்தில் தெரியும் என்றால் ஸ்கேனில் சொல்லச் சொல்லலாமா என்று உடனே கேட்பவர்கள் உண்டு. கருவின் பாலினத்தை அறிவதும் அறிவிப்பதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் குற்றம். சைகையில் சொன்னாலும் குற்றம்தான்.

ஆம்பளைங்களுக்கு எதுக்கு மார்க்காம்பு?

மார்புக்கான தோல் தடிப்பு ஆறாவது வாரத்துக்குள் எழுந்துவிடுகிறது. விதை டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது அதற்குப் பிறகுதான். வந்ததை அழிக்கச் சொல்லும் கட்டளை மனிதக் கருவில் இல்லை. அவ்வளவுதான்.

பொண்ணுங்களுக்கு பொறக்கும்போதே எல்லா முட்டையும் இருக்குமாமே?

ஆமாம். இருபது வார அளவில் கருவின் சினைப்பைகளில் 60 முதல் 70 இலட்சம் இனச்செல்கள் இருக்கும். வாழ்நாளின் உச்சம் அதுதான். பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம், வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு இலட்சம். இவற்றில் முதிர்ந்து வெளிவருவது சுமார் 400. மற்றவை கரைந்துபோகும், இது நோய் அல்ல.

ஒவ்வொரு முட்டையும் குரோமோசோமைப் பாதியாக்கும் பிரிவைக் கருவிலேயே தொடங்கி, நடுவில் நிறுத்திவைக்கிறது. அந்த வேலை மீண்டும் தொடங்குவது முட்டை வெளிவரும் மாதத்தில்தான். நாற்பது வயதுப் பெண்ணின் முட்டை நாற்பது ஆண்டுகளாக அப்படி நின்றிருக்கிறது. வயது கூடக்கூட டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு கூடுவதற்கு இதுவே பெரிய காரணம். உங்களை உருவாக்கிய முட்டை, உங்கள் அம்மா அம்மாச்சியின் வயிற்றில் இருந்தபோதே உண்டானது. ஆணுக்கு இப்படி இல்லை. விதையில் இனச்செல்கள் பிரிவைத் தொடங்காமல் காத்திருந்து, பருவ வயதில் விந்தணு உற்பத்தியைத் தொடங்குகின்றன.

பையனுக்கு ஒரு பக்கம் விதை இறங்கலைன்னு சொல்றாங்க. தானா இறங்கிடும், விடுன்னு மாமியார் சொல்றாங்க. விடலாமா?

ஆறு மாதம் வரை காத்திருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

விதை உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் என்று சொன்னேன். ஒரு நார்க்கயிறு வழிகாட்ட, முதலில் அடிவயிற்றுக்கு வருகிறது. ஏழாம் மாதத்தை ஒட்டித் தொடையிடுக்குக் கால்வாய் வழியாக இறங்கத் தொடங்கி, பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்னால் விதைப்பையை அடைகிறது. ரத்தக்குழாயையும் நரம்பையும் பழைய இடத்திலிருந்தே இழுத்துவருவதால்தான் சிறுநீரகக் கல் வலி விதை வரை பாய்கிறது. நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் சுமார் 100-க்கு மூன்று பேருக்கு விதை இறங்காமல் இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் 100-க்கு 30 வரை. பெரும்பாலும் முதல் சில மாதங்களில் இறங்கிவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு தானாக இறங்குவது அபூர்வம்.

விதைப்பை உடலைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சி. வயிற்றுச் சூட்டில் இருக்கும் விதையில் இனச்செல்கள் குறையும், பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பும் கூடும். ஆறு முதல் பதினெட்டு மாதத்துக்குள் இறக்கி வைத்துத் தைப்பது நல்லது. பள்ளியில் சேர்க்கும் வயதில் கூட்டிவரும் பெற்றோரைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் தடுத்திருக்கக்கூடிய இழப்பு அது. குளிரில் மேலேறி, வெந்நீரில் குளிப்பாட்டினால் இறங்கிவிடும் விதை வேறு. அதற்கு பொதுவாக அறுவை வேண்டாம், ஆண்டுதோறும் காட்டிக்கொண்டால் போதும்.

கிட்னி ஒண்ணுதான் இருக்குன்னு தெரிஞ்சதும் பொண்ணோட கர்ப்பப்பையையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. எதுக்கு?

சிறுநீரகம், இனச்சுரப்பி, குழாய்கள் எல்லாம் ஒரே திசுப்பட்டையிலிருந்து வருபவை. சிறுநீரகத்தைத் தூண்டும் மொட்டு வுல்ஃபியன் குழாயிலிருந்துதான் முளைக்கிறது. முல்லேரியன் குழாயோ வுல்ஃபியனைத் தடம் பற்றிக் கீழிறங்குவது. ஒரு பக்கம் வுல்ஃபியன் கோளாறானால் அந்தப் பக்கத்துச் சிறுநீரகமும் கர்ப்பப்பையின் பாதியும் சேர்ந்தே பாதிக்கப்படலாம். மருத்துவர் கேட்டது சரியான பரிசோதனை.

எனக்கு ரெட்டைக் கர்ப்பப்பைன்னு ரிப்போர்ட். இது எப்படி?

இடம், வலம் இரண்டு முல்லேரியன் குழாய்களும் கீழ்ப்பகுதியில் ஒட்டி, நடுச்சுவர் கரைந்துதான் ஒரு கர்ப்பப்பை ஆகிறது. ஒட்டவே இல்லையென்றால் இரண்டு கர்ப்பப்பை. மேல்பாதி மட்டும் ஒட்டாவிட்டால் இரு கொம்பு வடிவம். ஒட்டியும் சுவர் கரையாவிட்டால் நடுத்தடுப்பு. தடுப்புள்ள வகையில் கருச்சிதைவு வாய்ப்பு அதிகம். இரட்டைக் கர்ப்பப்பையோடு குழந்தை பெற்றவர்கள் பலர். குறைப்பிரசவத்துக்கு மட்டும் கூடுதல் கவனிப்பு வேண்டும். உங்கள் சினைப்பைக்கு இதில் பங்கு இல்லை, அது வேறு அடுக்கு.

மாட்டுல கிடாரியும் காளையும் ரெட்டையாப் பொறந்தா கிடாரி சினை பிடிக்காது. மனுஷங்களுக்கும் அப்படியா?

மாடு வளர்ப்பவர்கள் கவனித்தது உண்மை. மாட்டில் இரட்டைகளின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் பெரும்பாலும் இணைந்துவிடும். காளைக் கருவின் ஏஎம்எச் கிடாரிக்குள் போய் அதன் முல்லேரியன் குழாயைக் கெடுக்கிறது. மனிதரில் ஆண்-பெண் இரட்டையருக்கு அப்படி இணைவது மிக மிக அரிது. உங்கள் வீட்டு இரட்டையரில் பெண்ணுக்குக் குழந்தை பிறக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பொறந்து நாலு நாள்ல பொண்ணுக்கு ரத்தம் பட்டுது, மார்பும் வீங்கியிருக்கு. பயப்படணுமா?

வேண்டாம். தாயின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனில் வளர்ந்த கர்ப்பப்பை, அது நின்றதும் சில துளி ரத்தம் கசியவிடும். ஓரிரு நாளில் நின்றுவிடும். மார்பு வீக்கம் ஆண் குழந்தைக்கும் வரும், பால் போலவும் கசியலாம். "பால்கட்டு எடுக்கிறேன்" என்று பிதுக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், சீழ்க்கட்டியாகிவிடும்.

ஹெர்னியா ஆபரேஷன்ல ஆம்பளை வயித்துல கர்ப்பப்பை இருந்துச்சுன்னு செய்தி வந்துச்சே, கட்டுக்கதைதானே?

அரிதானாலும் நிஜம்தான். ஜோஸ்ட்டின் இரண்டு கட்டளைகளை நினைத்துப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்து, ஏஎம்எச் மட்டும் சுரக்காவிட்டால் அல்லது அதை ஏற்கும் கதவு பழுதானால், ஆண்குறி, விந்துநாளம் எல்லாம் வழக்கம்போல் அமையும். முல்லேரியன் குழாயும் கரையாமல் கர்ப்பப்பையாக நிற்கும். அவர் ஆண்தான்.

பதினாறு வயசாகியும் பொண்ணு வயசுக்கு வரல. டெஸ்ட்ல எக்ஸ்ஒய்னு வந்திருக்கு. அப்ப என் பொண்ணு பையனா?

உங்கள் பெண் உங்கள் பெண்தான். எக்ஸ்ஒய் என்பது குரோமோசோமை மட்டும் சொல்கிறது. இப்படி வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்றை மட்டும் விளக்குகிறேன். விதை உள்ளே உருவாகி டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கிறது, ஆனால் உடலின் எந்தச் செல்லும் அதை ஏற்பதில்லை. எனவே வெளியுறுப்பு பெண்ணாக அமைகிறது, வளரும்போது மார்பும் வருகிறது. ஏஎம்எச் வேலை செய்ததால் கர்ப்பப்பை இல்லை, மாதவிடாயும் இல்லை. சோதனை முடிவை உறவினரிடம் சொல்வதற்கு முன் உங்கள் பெண்ணிடம், ஆலோசகர் ஒருவரின் துணையோடு, அவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். அது அவள் உடல்.

பொறந்த கொழந்தை ஆணா பொண்ணான்னு டாக்டரே சொல்லத் தயங்குறாங்க. ஒடனே ஆபரேஷன் பண்ணிடலாமா?

முதலில் உயிர். இப்படிப் பிறக்கும் எக்ஸ்எக்ஸ் குழந்தைகளில் அடிக்கடி காணப்படும் காரணம் அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறு. ஒரு நொதி குறைவதால் அட்ரினல் ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரந்து கிளிட்டோரிஸைப் பெரிதாக்குகிறது. விதையும் ஏஎம்எச்சும் இல்லாததால் சினைப்பை, கர்ப்பப்பை உள்ளே முறையாகவே இருக்கும். ஆபத்து வேறிடத்தில்: இவர்களில் பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் உடலின் உப்பு வெளியேறி, வாந்தி, சோர்வு, உயிரிழப்பு வரை போகும். 17-ஓஎச்பி ரத்தப் பரிசோதனையும் சோடியம், பொட்டாசியம் அளவும் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். மாத்திரையால் காப்பாற்றலாம்.

தோற்றத்தைச் சீராக்கும் அறுவைக்கு அவசரமில்லை. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு இத்தகைய அறுவையைத் தடைசெய்யச் சொன்னது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசும், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி கூடாது என்று ஆணையிட்டது. வளர்ந்து தானே முடிவெடுக்கும் உரிமை குழந்தைக்கு இருக்கிறது என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

ஆண் கொழந்தை பொறக்க மருந்து தர்றாங்க, மூணாவது மாசம் சாப்பிடணுமாம். சாப்பிடலாமா?

கூடவே கூடாது. எக்ஸா ஒய்யா என்பது முதல் நாளிலேயே முடிந்துவிட்டது. மூன்றாவது மாதம் என்பது குழாய்களும் வெளியுறுப்பும் ஹார்மோன் கட்டளைக்குக் காத்திருக்கும் காலம். அந்த நேரத்தில் ஹார்மோன் தன்மையுள்ள எதையும் விழுங்கினால் பாலினம் மாறாது, உறுப்புகள் கெடலாம். டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கருச்சிதைவைத் தடுக்குமென்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1971-இல், அந்தத் தாய்மாரின் இளம் பெண்களுக்கு யோனியில் அரிதான புற்றுநோய் வருவது தெரிந்தது. பலருக்குக் கர்ப்பப்பையின் வடிவமும் மாறியிருந்தது.

இந்தக் கொழந்தைக்கு இப்படி. அடுத்ததுக்கும் வருமா?

எந்தக் குறை என்பதைப் பொறுத்தது. அட்ரினல் கோளாறில் பெற்றோர் இருவரும் தலா ஒரு பழுதான மரபணுவைச் சுமக்கிறார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. டெஸ்டோஸ்டிரோனை ஏற்காத நிலை எக்ஸ் வழியே வருவது, ஆகவே தாயின் சகோதரிகளும் ஆலோசனை பெறுவது நல்லது. ஹைப்போஸ்பேடியாஸும் இறங்காத விதையும் சில குடும்பங்களில் கூடுதலாக வரும், ஆனால் பெரும்பாலும் அடுத்த குழந்தைக்கு வருவதில்லை. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே, முதல் குழந்தையின் பரிசோதனைத் தாள்களோடு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். கருத்தரித்த பிறகு போனால் முடிவெடுக்க அவகாசம் குறைவாகிவிடும்.